தாயற்ற பூனைக்குட்டிகளைப் பாலூட்டி வளர்த்தல்

நெற்குதிரும் வைக்கோற்போரும் உள்ள இல்லங்களில் எலியால் விளையும் சேதத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துக்கூற வேண்டிய அவசியமில்லை. எலி தின்பது ஒருபுறமிருக்க, அதன் மலஜலத்தால் கெடும் தானியமும் கொஞ்சமன்று. எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோயும் அதன் மூத்திரத்தின் வழியாகவே மனிதரை அடைகிறது. ஆகவே தானியக் களஞ்சியத்தில் பூனையை வைத்திருக்கும் வழக்கம் மிகப் பழமையானது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனிதனுக்கருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்த செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

செங்கற்பட்டு ஜில்லாவில் பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்த நாவலூரில், நெல் விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்பொழுது மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. எனினும் தையூர், திருப்போரூர் பக்கங்களில் ஏரிப்பாசனச் சாகுபடி இன்றும் நடைபெறுகிறது. சம்பா அறுவடைக்குப்பின் பழைய வைக்கோற்போரைப் பிரிக்கும்போது, கண் திறவாத பூனைக்குட்டிகள் அகப்படுவது இக்கிராமங்களில் சாதாரணமான நிகழ்ச்சி. தாய்ப்பூனை சாலையில் வண்டியில் அடிபட்டிருக்கலாம். எலிக்கு வைத்த விஷமும் அதைக் கொன்றிருக்கலாம். புரோமாடயலோன் கலந்த தீனியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிகிறது. அப்படிப்பட்ட எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் அவ்விஷம் ஏறுகிறது. எலியை ஒழிக்கவைத்த மருந்தே எலிபிடிக்கும் பிராணியை ஒழித்துவிடுமாயின், நஷ்டம் குடியானவருக்கே. மருந்து வைத்தவர்கள் செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

குட்டிகளைக் கண்டவுடன் எடுத்துவிடலாகாது. தாய்ப்பூனை இரைதேடப் போயிருக்கலாம். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்திற்குக் கவ்விச் செல்லும் வேளையாயிருக்கலாம். குட்டிகள் வயிறு நிறைந்து, உடல் வெதுவெதுப்பாக, கத்தாமல் உறங்கினால் தாய் உண்டென்று கொள்ளலாம். அவ்விடத்துப் போரைக் கலைக்காமல் விட்டு, தூரத்திலிருந்து சில மணி நேரம் கவனிப்பதே நலம். பிறந்த முதல் நாளில் சுரக்கும் சீம்பால் நோயெதிர்ப்புச் சக்தியைத் தருவது. அதற்கு ஈடான பொருளை எவரும் செய்துகொடுக்க முடியாது. தாய் வரவில்லையென்று உறுதியானபின், அக்கம்பக்கத்தில் குட்டிபோட்ட வேறு பூனை உண்டாவென விசாரித்தல் வேண்டும். அதனுடைய குட்டிகளோடு கலந்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கையால் வளர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அவ்வகைத் தாயும் கிடைக்காவிடில், முதற் கடமை பால் கொடுப்பதன்று, சூடு கொடுப்பது. இளங்குட்டிக்குத் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் வலிமை இல்லை. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் அது ஜீரணமாகாது. குட்டி இறந்தும் போகும். முதல் வாரத்தில் குட்டி படுக்குமிடம் 30 முதல் 32 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் இருத்தல் வேண்டும். பிறகு வாரந்தோறும் சிறிது குறைக்கலாம். சித்திரை வைகாசியில் இக்கடற்கரைப் பிரதேசத்தில் தனியே சூடூட்ட வேண்டுவது சொற்பமே. மார்கழி தை இரவுகளிலோ, மூங்கிற்கூடையில் பழைய வேட்டியைப் பரப்பி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டும். சூடு மிகும்போது குட்டி மறுபக்கம் ஊர்ந்துபோக இடம் இருப்பது அவசியம். குளிர்ந்த குட்டியை நெருப்பருகே காட்டாமல், மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.

பாலைப்பற்றி ஒரு தவறான எண்ணம் கிராமங்களில் உண்டு. பூனை பசும்பாலை விரும்பிக் குடிப்பதால், குட்டிக்கும் அதுவே போதுமென்று கருதுகிறார்கள். பூனையின் பாலிலுள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு, கொழுப்பும் அதிகம். பசும்பாலிலோ, அச்சத்துக்களை நோக்கப் பால்சர்க்கரை மிகுதி. ஆகவே அதையே தொடர்ந்து கொடுத்தால் குட்டி மெலிவதோடு கழிச்சலும் காணும். தண்ணீர் கலந்த பால் இன்னும் கெடுதி. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவு பிராணி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது; அதையே வாங்கவேண்டும். அது வந்துசேரும்வரை, ஓரிரு நாளைக்கு மட்டும், காய்ச்சி ஆறிய 200 மில்லிலிட்டர் ஏடெடுக்காத பாலில் ஒரு முட்டையின் மஞ்சட்கருவை நன்றாக அடித்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். சர்க்கரை சேர்க்கலாகாது.

குழந்தைக்குப் புகட்டுவதுபோல் குட்டியை மல்லாத்திப் பிடித்துப் பாலாடையால் ஊற்றுவது பெரும்பிழை. பால் மூச்சுக்குழலில் புகுந்து குட்டி இறப்பது பெரும்பாலும் இவ்வாறே. குட்டி வயிறு கீழாகப் படுத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, தாயிடம் குடிக்கும் பாங்கில் இருக்கவேண்டும். சிறு ரப்பர் காம்புள்ள புட்டி உத்தமம். இன்றேல் ஊசி நீக்கிய சிரிஞ்சினால் துளித்துளியாக, குட்டி விழுங்கும் வேகத்திற்கேற்ப விடவேண்டும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தல் வேண்டும். 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலுங்கூட, ஊட்டவேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கொருமுறை. அப்பால் இடைவெளியைப் பெருக்கலாம். இவ்விரவுக் காவலுக்கு ஆள் இல்லாத வீட்டார் இம்முயற்சியில் இறங்காமல் வேறொருவரிடம் ஒப்படைப்பதே கருணை.

மூன்று வாரம்வரை குட்டி தானாக மலஜலம் கழிக்க இயலாது. தாய் நக்கித் தூண்டும் வேலையை வளர்ப்பவர் செய்தாகவேண்டும். பால் கொடுத்த ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவினால் போதும். நன்கு ஊட்டியும் குட்டிகள் வயிறுப்பி இறந்தனவென்று கூறும் பலர் இதை அறியாதவர்களே.

குட்டி பிழைக்குமா என்பதைத் தராசே சொல்லும். பிறக்கும்போது சுமார் 100 கிராம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிடில் ஊட்டும் முறையைச் சோதிக்க வேண்டும். எடை குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நிலையமும், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் சென்னை வேப்பேரி ஆஸ்பத்திரியும் இப்பகுதியினர் அணுகத்தக்கவை.

நான்காம் வாரத்தில் பல் முளைத்து, குட்டி புட்டிக் காம்பைக் கடிக்கத் தொடங்கும். அதுவே பால் மறக்கச் செய்யும் தருணம். தட்டையான தட்டில் பாலை விட்டு விரலால் தொட்டு நக்கப் பழக்கவேண்டும். பிறகு முள் நீக்கி வேகவைத்து மசித்த மீனையோ கோழியிறைச்சியையோ அப்பாலில் கூழாகக் கரைத்து, நாளடைவில் கெட்டியாக்கவேண்டும். ஏழெட்டு வாரத்தில் பாலை முற்றும் நிறுத்திவிடலாம். கோவளம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து மத்தியும் நெத்திலியும் மலிவாக வருவதால், அவற்றைப் பச்சையாக எறிவது வழக்கம். சில பச்சைமீன்களிலுள்ள ஒரு பொருள் தயாமின் சத்தை அழித்துவிடும். வேகவைத்தால் அத்தீங்கு நீங்கும். உப்புக்கருவாடு குட்டிக்கு ஆகாது. பால்சோறு மட்டுமே போட்டு வளர்ப்பதும் தவறு. மாமிசத்திலுள்ள டாரின் என்னும் சத்தின்றிப் பூனையின் கண்ணும் இருதயமும் கெடுமென்று 1975-லும் 1987-லும் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின.

இனி, கையால் வளர்த்த குட்டி எலி பிடிக்குமா என்பது மிராசுதார்கள் கேட்கும் நியாயமான கேள்வி. குவோ என்னும் சீன அறிஞர் 1930-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எலி கொல்லும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனித்து வளர்க்கப்பட்ட 20-ல் 9 மட்டுமே கொன்றன. ஆகவே பால் மறந்த குட்டியை எலி பிடிக்கும் முதிய பூனையோடு விட்டுவைத்தல் பயன்தரும். பட்டினி போட்டால் நன்றாக எலி பிடிக்குமென்பது வீண் நம்பிக்கை. பசித்த பூனை களஞ்சியத்தைவிட்டு அண்டைவீட்டு அடுப்படிக்கே போகும். சுண்டெலியையும் இளஎலியையும் பூனை ஒழிக்கும்; முதிர்ந்த பெருச்சாளியை எதிர்க்கப் பெரும்பாலும் துணியாது. வயல்வரப்பு வளைகளுக்கு, இப்பகுதி இருளர்களின் கைத்திறனே தக்க உபாயம்.

குடற்புழு மருந்தும் தடுப்பூசிகளும் மருத்துவர் குறிக்கும் வயதிற் போடப்படவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் அவசியம். குட்டி கடித்தாலும் கீறினாலும் அவ்விடத்தைச் சோப்பினால் ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பெண்குட்டி நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரமே. ஆதலால் கருத்தடைச் சிகிச்சைக்குரிய நாளையும் முதல் தடுப்பூசியின்போதே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.