அணையாத சிவப்பு விளக்கு: அலட்சியம் வேண்டாம்!

மும்பை சயானில் என் அடுத்த வீட்டுக்காரர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த டாக்சி டிரைவர். போன மாதம் ஒருநாள், ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அவருடைய வண்டியில் பிரேக் விளக்கு அணையவில்லை. "ஒயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு எரியாது" என்றாராம் ஒரு மெக்கானிக். மறுநாள் குடும்பத்தோடு கண்டாலா மலைப்பாதை வழியாகப் புனே போக இருந்தவர் அவர்! நல்லவேளை, அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. வேறொருவரிடம் காட்டினார். பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது.

ரயிலும் காரும்

ரயிலில் பிரேக் குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். காரில் இது நேர்மாறு. ஆயில் போனால் பிரேக்கும் போகும். அதைச் சொல்லத்தான் அந்த விளக்கு.

எங்கே பார்ப்பது?

முதலில் ஹேண்ட் பிரேக் லிவரை ஒருமுறை ஏற்றி, முழுவதும் இறக்குங்கள். அதன் அடியிலுள்ள சிறு ஸ்விட்ச் சிக்கிக்கொண்டாலும் விளக்கு எரியும்.

அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அதில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், பேட் தேய்ந்திருக்கும். அல்லது எங்கோ கசிவு இருக்கும். பேட் தேயத் தேய ஆயில் மெல்ல இறங்கும். சட்டென்று இறங்கினால் கசிவுதான். சக்கரங்களின் உட்புறம் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் விளக்கு மின்னி மறைந்தால், ஆயில் குறைந்து வருகிறது என்று பொருள்.

டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டும் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஆயில் ஊற்றி விளக்கு அணைந்துவிட்டது என்று கசிவை மறந்துவிடாதீர்கள்.

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? டப்பாவின் மிதவை ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் பெரும்பாலும் குற்றம் அந்த ஸ்விட்சில்தான். சோதித்ததும் ஒயரை மறுபடி மாட்டிவிடுங்கள். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஒர்க்‌ஷாப்பில்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டலாமா?

எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் பெடலை அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு போல் இருந்தாலோ, மெல்ல இறங்கிக்கொண்டே போனாலோ வண்டியை எடுக்கவே கூடாது.

அண்ணாச்சிக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று. ஆனால் குடும்பம் மறுநாள் ரயிலில் பத்திரமாகப் புனே போய்ச் சேர்ந்தது.