தேனறையில் நுழையும் உண்ணி



திருக்குர்ஆனின் 16 ஆவது அத்தியாயம் தேனீயின் பெயராலேயே வழங்குகின்றது. அத்தேனீயை வருத்தும் ‘வரோவா’ எனும் உண்ணி இரண்டு மில்லிமீற்றரிலும் சிறியது. தேனீப்புழு வளரும் அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன்னர் உள்ளே புகுந்து, இளம் உடலின் சாரத்தை உறிஞ்சி, அங்கேயே முட்டையிடும். அதனாலும், அது பரப்பும் வைரஸினாலும், சில தேனீக்கள் எடை குன்றி, சிறகு சிதைந்து, பறக்கவியலாது வெளிவரும்.

மேனாட்டுத் தேனீக்கூடுகள் பராமரிப்பின்றேல் ஓரிரு ஆண்டுகளில் அழிவதுண்டு. நமது மட்டக்களப்புப் பகுதியின் நாட்டுத் தேனீக்களோ ஒன்றன் உடலை மற்றொன்று துப்புரவு செய்து உண்ணியைக் களைகின்றன.

பெற்றோர்களே! கேடு நுழைவது இளம் பருவத்திலேயே. அறை மூடப்படுமுன் விழித்திருங்கள். இளைஞர்களே! தோழனைப் பற்றிய தீமையைப் பழிக்காமல், பரிவோடு களையுங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.