ஸ்கேல் இல்லாமல் ரயில் வாங்காதீர்!

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் செகண்ட் ஹேண்ட் ரயில் வாங்குவது பற்றிச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், கைக்கு அடக்கமான ரயில்தான்!

நான் ஹார்ட்ஃபோர்டில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பவன். அங்கிருந்து காரில் அரைமணி நேரம் வடக்கே போனால், மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்ட். வழக்கமாக ஜனவரி கடைசியில், குளிர் எலும்பைத் துளைக்கும்போது, பொருட்காட்சி மைதானத்தில் மாடல் ரயில் திருவிழா நடக்கும். (‘பொம்மை ரயில்’ என்று உரக்கச் சொல்லிவிடாதீர்கள். எழுபது வயசுத் தாத்தாக்கள் முறைப்பார்கள்.) மேஜை மேஜையாகப் பழைய எஞ்சின், பெட்டி, தண்டவாளம்... பல வீட்டுப் பரண்களைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி இருக்கும்.

போன தடவை என்னோடு ஆபீஸ் தம்பி ஒருவர் வந்தார். விருதுநகர்க்காரர். ஊரில் அக்கா பையனுக்கு எட்டு வயசு. ‘மாமா, ரயிலோடதான் வரணும்’ என்று போனில் உத்தரவு. பட்ஜெட் 100 டாலர். அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது.

உள்ளே நுழைந்த அஞ்சாவது நிமிஷம், கன்னங்கரேலென்று ஒரு நீராவி எஞ்சினைக் கையில் தூக்கிவிட்டார். விலை 40 டாலர். அடுத்த மேஜையில் நாலு சரக்குப் பெட்டி, 20 டாலர்.

“அண்ணே, ரெண்டையும் சேத்து மாட்டிரலாம்ணே!”

“மாட்டாது தம்பி. எஞ்சின் ‘எஸ்’. பெட்டி ‘ஹெச்.ஓ.’”

“என்னண்ணே, சட்டை சைஸ் மாதிரி சொல்றீங்க?”

கிட்டத்தட்ட அதேதான். மீட்டர் கேஜ், பிராட் கேஜ் எல்லாம் நமக்குத் தெரியும். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். ஸ்கேல் வேறு. நிஜ ரயிலை எத்தனை பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. அமெரிக்காவில் ‘ஓ’ என்றால் 48-ல் ஒரு பங்கு. ‘எஸ்’ 64-ல், ‘ஹெச்.ஓ.’ 87-ல், ‘என்’ 160-ல் ஒரு பங்கு. தம்பி தூக்கிய எஞ்சின், பக்கத்து ஊரான நியூ ஹேவனில் கில்பர்ட் கம்பெனி செய்த அமெரிக்கன் ஃப்ளையர். அழகுதான். ஆனால் அதற்குப் பெட்டி தேடுவதற்குள் தம்பிக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

அட்டைப்பெட்டி தொலைந்து, பெயர் அழிந்து கிடக்கிற பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கேலைக் கண்டுபிடிக்க ஸ்கேல்தான்! என் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். அந்தக் கால அமெரிக்கச் சரக்குப் பெட்டிகள் பெரும்பாலும் 40 அடி நீளம். கொக்கியை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். 3 அங்குலம் என்றால் என். ஐந்தரை என்றால் ஹெச்.ஓ. ஏழரை என்றால் எஸ். (சனி அல்ல!) 10 அங்குலம் என்றால் ஓ.

“ஹெச்.ஓ.ன்னா ‘ஹாஃப் ஓ’வாமே? 48-ஐத் தலைகீழா நின்னு பெருக்கினாலும் 87 பாதிக் கணக்குல வராதேண்ணே?” பி.காம். மூளை!

வராதுதான். இங்கிலாந்தில் ஓ ஸ்கேல், ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர். அதில் பாதி மூன்றரை. அதுதான் 87. அமெரிக்காக்காரர் தம் ஓ ஸ்கேலுக்குக் கால் அங்குலத்தைப் பிடித்துக்கொண்டார், அது 48. அதிலும் ஒரு கூத்து. ஓ தண்டவாளத்தின் அகலம் ஒண்ணேகால் அங்குலம். 48-ஆல் பெருக்கினால் 5 அடி. நிஜ அமெரிக்க ரயிலுக்கோ 4 அடி எட்டரை அங்குலம்தான். மூன்றரை அங்குலம் உபரி! அதையும் ஒரு கோஷ்டி விடாமல், சரியான அகலத்தில் தனித் தண்டவாளம் போட்டு ஓட்டுகிறது. வாழ்க.

லயனல் ரயில்களையும் ‘ஓ’ என்றே விற்பார்கள். அதற்கு நடுவில் மூணாவது தண்டவாளம் வேண்டும். ஏ.சி. கரண்ட் வேண்டும். சின்ன வளைவில் திரும்புவதற்காகப் பல பெட்டிகளை 48-ஐ விடவும் குறுக்கியிருப்பார்கள். ஹெச்.ஓ.வுக்கு இரண்டு தண்டவாளம், 12 வோல்ட் டி.சி. போதும். பிரிட்டிஷ் ‘ஓ.ஓ.’ ரயிலும் இதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஜம்மென்று ஓடும். ஆனால் ஸ்கேல் 76. பக்கத்தில் நிறுத்தினால் அமெரிக்கப் பெட்டிக்குப் பெரியப்பா மாதிரி தெரியும்.

கடைசியில் ஹெச்.ஓ.வில் ஒரு டீசல் எஞ்சின், ஆறு பெட்டி, வட்டத் தண்டவாளம், கரண்ட் கொடுக்கும் பவர் பேக். எஞ்சினை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். (கூச்சப்படாதீர்கள், ஓட்டிக் காட்ட மறுக்கிற ஆளிடம் வாங்கவே வேண்டாம்.) கொக்கிகளையும் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் கொக்கியும் விரல் மடக்கிய மாதிரி இருக்கும் கொக்கியும் ஒன்றோடொன்று கோர்க்காது. சாயந்திரம், கடைக்காரர் மூட்டை கட்டுகிற நேரம். மொத்தம் 85 டாலருக்கு முடித்தோம்.

காரில் திரும்பும்போதுதான் சொன்னேன், “தம்பி, பவர் பேக் 120 வோல்ட். விருதுநகர்ல 230. ரிச்சி தெருவுல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிட்டுப் போங்க. நேரா செருகினா புகை வந்துரும்.”

“அப்ப அந்த நீராவி எஞ்சினையே வாங்கியிருக்கலாமேண்ணே!”