பல்வைத்தியர் போன பிறகு

பிலிப்பைன்ஸ் நாட்டின் பின்தங்கிய கிராமங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து தொண்டர் பல்வைத்தியர்கள் வந்துபோவது வழக்கம். ஊதியம் இல்லை, பலர் பயணச் செலவையும் தாமே ஏற்கின்றனர். பாடசாலை மண்டபத்திலோ கோவில் விறாந்தையிலோ சாதாரண கதிரைகளைப் போட்டுக் காலை முதல் மாலை வரை சிறுவர்களைப் பார்க்கின்றனர். விறைப்பூசி, குறடு, கொஞ்சம் பஞ்சு. பெரும்பாலும் நடப்பது பல் பிடுங்கல்தான்.

அங்குள்ள நிலைமை அப்படி. 2006ஆம் ஆண்டு நடந்த தேசிய ஆய்வொன்றில் ஆறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 97 பேருக்குச் சூத்தைப்பல் இருந்தது. ஐந்து பேரில் நால்வருக்கு மேல் சூத்தை ஆழமாகிக் கிருமி தொற்றிய நிலை. பன்னிரண்டு வயதினரில் இவ்வாறு தொற்று உள்ளவர்களிடையே நிறை குறைந்தவர்கள் கூடுதலாக இருந்ததையும் ஆய்வாளர் கண்டனர். பல்வலியுள்ள பிள்ளை சரியாகச் சாப்பிடாது, நித்திரை கொள்ளாது, பாடமும் ஏறாது. இரவிரவாகக் கராம்பு எண்ணெய் தடவிப் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்க்கு இதை நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தொண்டர்களைக் குறைகூறுவது எமது நோக்கமல்ல. சீழ்ப்பிடித்த பல்லை எடுத்துவிட்டால் பிள்ளை நிம்மதியாக உறங்கும். அது சிறிய காரியமா? ஆனால் வைத்தியர் ஒரு கிழமையில் போய்விடுவார், சூத்தை போகாது. அவர் மறுபடி வரும்போது அடுத்த பல்லின் முறை வந்திருக்கும். இதில் பெரிய நட்டம் ஆறு வயதளவில் வரும் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமலே, பாற்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பாற்பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி ஆபிரிக்காவில் பிறந்தது. 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் பணியாற்றிய நெதர்லாந்துப் பல்வைத்தியர் ஜோ பிரென்கன், மின்சாரமும் துளைகருவியும் இல்லாமலே பல் அடைக்கும் முறையொன்றை உருவாக்கினார். சூத்தையின் மெதுமையான பகுதியைச் சிறு கைக்கருவியால் சுரண்டி எடுத்து, தூளையும் திரவத்தையும் குழைத்த ஒருவகைச் சீமெந்தை விரலால் அழுத்தி அடைப்பார்கள். அது பல்லோடு ஒட்டிக்கொள்ளும். சிறிது சிறிதாகப் புளோரைட்டையும் கசியவிடும். பெரும்பாலும் ஊசி தேவைப்படாததால் பிள்ளைகளுக்குப் பயமும் குறைவு. கருவிகளின் கிருமியை அழிக்க அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கரே போதும். 1994இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பிற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. நரம்புவரை போய்விட்ட பல்லுக்கு மட்டும் இது உதவாது.

எமது மனதைத் தொட்ட செய்தி கானா நாட்டிலிருந்து வந்தது. லைபீரியாவில் 1989 இறுதியில் மூண்ட போருக்குத் தப்பியவர்கள் அக்ரா நகருக்கு அண்மையில் புடுபுரம் முகாமில் வாழ்ந்தனர். 1990களில் அங்கு சென்ற பல்வைத்தியர்கள் தாமே எல்லாவற்றையும் செய்துவிட்டுத் திரும்பவில்லை. முகாமிலிருந்த அகதிகளையே தேர்ந்து, பல் பிடுங்கவும் கைக்கருவியால் அடைக்கவும் பழக்கினர். எல்லாவற்றையும் இழந்து வந்தவரின் கையிலும் ஒரு தொழில் படியும் என்பதை, வயலையும் வீட்டையும் விட்டுவந்த எம்மவர் வியப்பாக எடுக்கமாட்டார்கள்.

பிலிப்பைன்சிலும் பின்னர் வேறொரு வேலை தொடங்கியது. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய ஜேர்மன் பல்வைத்தியர் பெல்லா மொன்சேயும் அந்நாட்டவரும் சேர்ந்து, பல்வைத்தியரே தேவைப்படாத ஒரு காரியத்தைப் பாடசாலைகளில் ஏற்படுத்தினர். கமிகுயின் தீவிலும் இது நடந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஆசிரியரின் முன்னிலையில் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, புளோரைட் பற்பசையால் பல் துலக்குகின்றனர். ஆண்டுக்கு இருமுறை பூச்சி மருந்து. ஒரு பிள்ளைக்குரிய பொருட்செலவு ஆண்டுக்கு ஒரு டொலரிலும் குறைவாக இருந்தது. நீர்க்குழாய் வசதியில்லாத இடங்களில், நீண்ட குழாயொன்றில் வரிசையாகச் சிறு துளைகளிட்டுத் தண்ணீர் விட்டால் பல பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுவலாம். இந்த வேலையைப் பெற்றோரே செய்து கொடுக்கின்றனர். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். உடனே வாய் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய புளோரைட்டும் தண்ணீரோடு போய்விடும். பற்பசை வாங்கும்போது அது சேர்ந்திருக்கிறதா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.