அழைப்புக்குறிகள் தீர்ந்துபோன கான்டோ

ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசு தனித்தனியே வழங்கும், எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளமே அழைப்புக்குறி; ஹாம்களின் பேச்சில் இது கால்சைன். உலகின் எந்த இரு நிலையங்களுக்கும் ஒரே குறி அமைந்துவிடக் கூடாது என்பதால், தொடக்க எழுத்துகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்குப் பிரித்தளித்திருக்கிறது. அவற்றை அடுத்து நிற்கும் எண்ணின் பொருளை அந்தந்த நாடே தீர்மானிக்கிறது. இந்தியாவின் வியூ2, வியூ3 ஆகியவற்றில் அது உரிமத்தின் தரத்தைக் குறிக்க, ஜப்பானிலோ வட்டாரத்தைக் குறிக்கிறது: டோக்கியோவை உள்ளடக்கிய கான்டோவுக்கு 1, ஹொக்கைடோவுக்கு 8. எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளே ஆளுக்கு ஆள் மாறுபவை.

மூன்றெழுத்துப் பின்னொட்டுகளை 17,576 வகையாக மட்டுமே அமைக்க முடியும். எஸ்ஓஎஸ் போன்ற ஆபத்துக்கால அழைப்புகளோடும் தந்தியாளர்களின் கியூ குறியீடுகளோடும் குழம்பக்கூடியவற்றைக் கழித்தால் கையிருப்பு இன்னும் சற்றுக் குறையும். போருக்குப் பின் 1952இல் உரிமம் மீண்டும் வழங்கப்பட்டபோது கான்டோவுக்கு ஜேஏ1 என்ற ஒரு முன்னொட்டே தாராளமாக இருந்தது. அது தீர்ந்ததும் ஜேஎச்1, ஜேஆர்1, ஜேஇ1 என்று புதிய முன்னொட்டுகள் திறக்கப்பட்டன. ஆனால் 1990களின் நடுவில் நாட்டின் நிலையங்கள் 13 லட்சத்தைத் தாண்டும் அளவுக்கு அந்தப் பொழுதுபோக்கு பெருகியதால், ஜே வரிசையில் கான்டோவுக்கு ஒதுக்கியவையும் போதாமல், 7கே, 7எல், 7எம், 7என் ஆகியவை புழக்கத்துக்கு வந்தன. அவற்றில் எண் 1 மட்டும் போதாது என்று 2, 3, 4 ஆகியவையும் கான்டோவுக்கே தரப்பட்டன. ஆகவே ஜேஏ4 என்று தொடங்கும் நிலையம் ஹிரோஷிமா அடங்கிய சூகோக்கு வட்டாரத்தில் இருக்க, 7கே4 என்று தொடங்குவது டோக்கியோ பக்கத்தில் இருக்கும். எண்ணைக் கேட்டதும் ஊரை ஊகிக்கலாம் என்ற வசதியைப் பலிகொடுத்துப் பெற்ற கூடுதல் இருப்பு இது. நிர்வாகத்துக்கு வேறு வழியும் இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னர் ஜப்பான் காலாவதியான குறிகளைப் புதியவர்களுக்கு மறுபடி வழங்கலாயிற்று. அதனால் குறியின் எழுத்து வரிசையைக் கொண்டு அதை வைத்திருப்பவரின் அனுபவத்தை அளக்கும் ஹாம்களின் பழைய வழக்கம் இன்று அவ்வளவாகச் செல்லாது. விரும்பிய குறியைக் கேட்டுப் பெற வழியுள்ள அமெரிக்காவில், உரிமம் காலாவதியானவரின் குறி இரண்டு ஆண்டுகள் எவருக்கும் தரப்படாமல் வைக்கப்படுகிறது. இறந்தவரின் குறியை அவருடைய நெருங்கிய உறவினர், தகுந்த உரிமம் பெற்றவராயின், அந்தக் காத்திருப்பின்றியே கேட்டுப் பெறலாம்.