இரும்போடு இரும்பாகப் போகும் காந்தம்

பழைய கணினி ஒன்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இரும்புக்கடைக்கு வந்து சேர்ந்தால், அதில் எது காசு என்பது கடைக்காரருக்குத் தெரியும். செம்புக் கம்பி தனி, அலுமினியம் தனி, சர்க்யூட் போர்டு தனி. ஹார்ட் டிஸ்கைப் பிளந்தால் பிறை வடிவில் வெள்ளியாய் மின்னும் காந்தத் துண்டுகளும் கிடைக்கும். அவற்றுக்கென்று விலை கிடையாது. ஒட்டியிருக்கும் தகட்டோடு பெரும்பாலும் இரும்பு விலைக்கே போய்விடும்.

இந்திய வாகன ஆலைகளை 2025இல் தவிக்கவிட்டது இந்த வகைக் காந்தம்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. உலகின் அரிய மண் காந்தங்களில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் தயாராகிறது. பெரும்பாலான மின்சார ஸ்கூட்டர் மோட்டார்கள் அதை நம்பியே இருக்கின்றன.

ஜப்பானின் மசாதோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த காந்தம் இது. எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் நியோடிமியம் முதலான அரிய மண் தனிமங்கள், ஒரு சதவீத அளவுக்குப் போரான், மிச்சம் இரும்பு. மோட்டாரின் சூட்டில் காந்த வலு குன்றாதிருக்க டிஸ்ப்ரோசியமும் கொஞ்சம் சேர்ப்பார்கள். எல்லாக் காந்தமும் இந்த இனம் அல்ல. பழைய ஸ்பீக்கரின் பின்புறம் இருக்கும் கனத்த கறுப்பு வளையம் ஃபெரைட். அதில் நியோடிமியம் இல்லை.

மறுசுழற்சி ஆலைக்கே போனாலும் இந்தக் காந்தம் தப்புவது கடினம். அரவை இயந்திரத்தில் விழுந்ததும் நொறுங்கி, காந்தத்தன்மை போகாத பொடியாக அங்குள்ள இரும்பிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அந்த இரும்பு உலைக்குப் போகும்போது நியோடிமியம் கசடோடு கழிந்துவிடும். 2024இல் வெளியான ஐ.நா. மின்கழிவு அறிக்கையின்படி, உலகின் அரிய மண் தேவையில் மின்கழிவிலிருந்து கிடைப்பது வெறும் ஒரு சதவீதம். ஆகவே அரைப்பதற்கு முன்பே காந்தத்தைக் கழற்றி எடுத்தாக வேண்டும். திருப்புளியோடு உட்கார்ந்து அந்த வேலையை இன்றும் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊர் இரும்புக்கடைக்காரர்கள்தான்.

கழற்றிய பிறகு வழிகள் உண்டு. பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழக முறையில் காந்தத்தின் மேல் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். வாயுவை உறிஞ்சி ஊதிப்போகும் உலோகம் காந்தத்தன்மையை இழந்து பொடியாக உதிர்கிறது. அதையே மறுபடி அழுத்திச் சுட்டுப் புதுக் காந்தம் செய்யலாம். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகம் அமிலத்துக்குப் பதிலாகச் செம்பு உப்புக் கரைசலில் காந்தத்தைக் கரைக்கிறது.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனி அக்கறை உண்டு. இந்தியாவின் நியோடிமியத்துக்கு மூலம் மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளின் மோனசைட் மணல். அதனோடு கதிரியக்கத் தோரியமும் வரும். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். இத்தனைக்கும் அந்த மணலில் டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். பழைய மோட்டார் காந்தத்திலோ தோரியம் கிடையாது, டிஸ்ப்ரோசியம் உண்டு. கையிலிருக்கும் காந்தத்தை உலையில் தொலைத்துவிட்டுக் கடற்கரையைத் தோண்டக் கிளம்புவது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை.

விதிகளும் இதற்குத் துணை நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் கீழ், மறுசுழற்சியாளர் உற்பத்தி நிறுவனங்களுக்கு விற்கும் மறுசுழற்சிச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கைக் கணக்கிட்டே தொடங்கின. நியோடிமியம் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கான 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய மறுசுழற்சியாளர்களுக்கு. ஆனால் கனிமத்தை உண்மையில் மீட்டெடுக்கும் ஆலைக்கே அந்தப் பணம். ராஜபாளையத்து இரும்புக்கடைக்கு அதில் ஏதேனும் எட்ட வேண்டுமானால், செம்புக்குப் போலவே காந்தத்துக்கும் கிலோவுக்கு இன்ன விலை என்று அறிவித்து அந்த ஆலைகள் கடைகளிடம் வாங்க வேண்டும். அப்படியொரு விலை வந்துவிட்டால் ஹார்ட் டிஸ்கிலும் ஸ்கூட்டர் மோட்டாரிலும் இருக்கும் காந்தத்தை யாரும் இரும்புக் குவியலில் வீச மாட்டார்கள்.