மைனஸ் 18: கடல்வழியே குளிர்சரக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

தூத்துக்குடியில் ஒரு இறால் ஆலையின் ஏற்றுமதி ஆவணங்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தேன். ஒருநாள் மாலை, கன்டெய்னரில் சரக்கு ஏற்றி முடித்து, கதவுக்கு சீல் வைக்கும் நேரம். வழக்கம்போல் முன்பக்கம் போய் இயந்திரத்தின் சிறு திரையைப் பார்த்தேன். மைனஸ் 18 இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று இருந்தது. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாங்குபவர் தன் ஆர்டரில் ‘0 டிகிரி’ என்று ஃபாரன்ஹீட் கணக்கில் எழுதியிருக்கிறார். செல்சியஸில் அது ஏறக்குறைய மைனஸ் 18. ஃபாரன்ஹீட் என்ற சொல் புக்கிங் படிவத்தில் விட்டுப்போக, டிப்போவில் 0 செல்சியஸ் என்று வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று கவனிக்காமல் விட்டிருந்தால் 18 டன் இறாலும் நடுக்கடலில் கூழாகியிருக்கும். அதைவிடக் கொடுமை, காப்பீட்டுப் பணமும் கிடைத்திருக்காது. இயந்திரம் பழுதாகவே இல்லையே, சொன்ன வெப்பநிலையைத்தானே அது காத்தது!

ரீஃபர் எனப்படும் குளிர்பெட்டியைப் பலர் பெரிய ஃப்ரிட்ஜ் என்று நினைக்கிறார்கள். ஆனால் சரக்கோடு உள்ளே வரும் குளிரைக் காப்பதுதான் அதன் வேலை. மைனஸ் 10-இல் உள்ள சரக்கை ஏற்றிவிட்டு, போகிற வழியில் மைனஸ் 18-க்கு இறங்கிவிடும் என்று நம்பக்கூடாது. அட்டைப்பெட்டியின் மேல்புறத்தைத் தொட்டுப் பார்ப்பதும் போதாது. உறைந்த பாளத்தில் துளையிட்டு, நடுவில் தெர்மாமீட்டர் முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். அந்த அளவைத் தேதி, நேரத்துடன் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பின்னாளில் ‘சரக்கு ஏற்றும்போதே சூடாகத்தான் இருந்தது’ என்று கப்பல் நிறுவனம் சொன்னால், உங்கள் கையில் இருக்கும் பதில் அந்தப் படம்தான். உள்சுவரில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் அட்டைப்பெட்டி ஏறவும் கூடாது. ஏறினால் குளிர்காற்று சுற்ற வழியில்லாமல் போகும். பழி உங்கள் மேல் விழும்.

வாழைப்பழத்துக்குக் கதையே வேறு. அதற்கு 13 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். குளிர் கூடினால் தோல் கருத்துப்போகும், சரியாகப் பழுக்காது. பழம் மூச்சு விடுவதால் காற்றுத் துவாரமும் திறந்திருக்க வேண்டும். உறைந்த சரக்குக்கு அதே துவாரம் மூடியிருக்க வேண்டும். வெப்பநிலை, அதன் அலகு, துவாரத்தின் நிலை ஆகிய மூன்றும் புக்கிங்கிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

ஆலை வாசலைத் தாண்டியபின் ஆபத்து மின்சாரத்தில்தான். லாரியில் ஜென்செட் ஓட வேண்டும். துறைமுக யார்டில் பிளக் கிடைக்க வேண்டும். தூத்துக்குடிச் சரக்கில் கணிசமான பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. அங்கேயும் இணைப்பைப் பிடுங்கி மறுபடி மாட்டுவார்கள். 2020 பிப்ரவரியில், கொரோனா முடக்கத்தால் சீனத் துறைமுகங்களில் பெட்டிகளை எடுக்க ஆளில்லாமல் பிளக்குகள் நிரம்பி, வந்த ரீஃபர்களை வேறு துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். இதையெல்லாம் கரையில் இருக்கும் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் பதிவு செய்ய முடியும். கதவோரம்தான் முதலில் சூடேறும் இடம் என்பதால், அங்குள்ள அட்டைப்பெட்டி ஒன்றில் வெப்பநிலையைப் பதியும் சொந்த டேட்டா லாகர் ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அடிப்படை விதிகள் பெரிதாக மாறவில்லை. சரக்கு வைக்கும் இடங்களையும் குளிர் அறைகளையும் தகுதியான நிலையில் வைக்க உரிய கவனம் எடுப்பதும், சரக்கை ஒழுங்காகக் கையாண்டு பேணுவதும் கப்பல் நிறுவனத்தின் கடமை. சரக்கின் இயல்பான கெடுதன்மை, போதாத பேக்கிங் போன்றவற்றுக்கு அது பொறுப்பாகாது. சண்டை பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டில்தான்.

கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் ஒரு வரி உங்கள் பணத்தைத் தீர்மானிக்கிறது. அந்த நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு: ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, ஒரு டாலரைவிட மதிப்புக் கூடியது. ஆவணத்தில் ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் இருந்தால் 18 டன்னுக்கு 36,000 எஸ்.டி.ஆர்., சுமார் 50,000 டாலரோடு கணக்கு முடிந்துவிடலாம். கிலோ 8 டாலர் என்று வைத்தாலே இறாலின் மதிப்பு 1,44,000 டாலர். அதே ஆவணத்தில் ‘10 கிலோ வீதம் 1,800 அட்டைப்பெட்டிகள்’ என்று இருந்தால், ஒவ்வொரு பெட்டியும் ஒரு பொதி. 80 டாலர் பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர். வரம்பு தாராளம், முழு இழப்பையும் கோரலாம். வரைவு வந்ததும் இந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

காப்பீட்டில் பலர் சறுக்குவது 24 மணி நேர நிபந்தனையில். உறைந்த உணவுக்கான ‘இன்ஸ்டிட்யூட் ஃப்ரோசன் ஃபுட்’ விதிகளின்படி, தீ, கப்பல் தரைதட்டுதல் போன்ற விபத்துகளைத் தவிர, வெப்பநிலை மாறியதால் வரும் இழப்புக்குப் பணம் வேண்டுமானால் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். 20 மணி நேரம் நின்று, பிறகு ஓடியிருந்தால் கிடையாது. யாரோ பிளக் மாட்ட மறந்திருந்தால் அது பழுது என்ற வரையறைக்குள் வருமா என்பதே வழக்காகும். தாமதத்தால் வரும் இழப்பும் பொதுவாகச் சேராது. செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. குளிர்ந்த நிலையில் போகும் பழத்துக்கும் காய்க்கும் அந்தப் பத்து நாள் பெரிய அடி. அந்த 24 மணி நேரத்தைக் குறைக்க முடியுமா, கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று பாலிசி எடுக்கும் முன்பே கேளுங்கள். ஆலை வாசல் முதல் வாங்குபவரின் கிடங்கு வரை காப்பு இருக்கட்டும். இ.சி.ஜி.சி. பாலிசி இருக்கிறதே என்று சரக்குக் காப்பீட்டை விட்டுவிட வேண்டாம். அது வாங்குபவர் பணம் தராத ஆபத்துக்கானது.

சரக்கு கெட்டுவிட்டது என்று தகவல் வந்தால்? கதவைத் திறக்கும்போது திரை பெரும்பாலும் மைனஸ் 18 என்றுதான் காட்டும். உருகி மறுபடி உறைந்ததை வேறு அடையாளங்களால் கண்டுகொள்ள வேண்டும். அட்டைப்பெட்டியின் அடி நனைந்து கறைபட்டிருக்கும். தனித்தனியாக உறைந்த இறால்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருக்கும். பைக்குள் பனித்துகள் குவிந்திருக்கும். எதையும் நகர்த்தும் முன் வாங்குபவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் வெப்பநிலைப் பதிவைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரும் கப்பல் நிறுவனத்தின் சர்வேயரும் சேர்ந்து பார்க்கும் முன் ஒரு பெட்டியைக்கூட அழிக்க விடாதீர்கள். அதே நேரத்தில் நல்ல சரக்கைப் பிரித்துக் காப்பாற்றுவதும் உங்கள் கடமை. அப்படியே போட்டுவிட்டால் இழப்பீடு குறையும், பிளக் கட்டணமும் நாள்தோறும் ஏறும்.

வெளிப்படையாகத் தெரியும் சேதத்தை டெலிவரி எடுக்கும்போதே கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரியாமல் இருந்ததற்கு மூன்று நாள் அவகாசம். தவறினால் உரிமை போய்விடாது. ஆனால் சரக்கு நல்ல நிலையில் வந்தது என்றே கொள்ளப்படும். அதை மறுத்து நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

கப்பல் நிறுவனத்தின் மீதான வழக்குக்கு ஓராண்டுதான். இந்த ஓராண்டு எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது! ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அவர்களிடமிருந்து மாதக்கணக்கில் மின்னஞ்சல் வரும். அதனால் கெடு நீளாது. நீட்டிப்புக்கு அவர்கள் இசைந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கச் சிற்றெழுத்தில் பாருங்கள், லண்டன் என்று இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் கடல்சார் உரிமைக்கோரல் சட்டப்படி, சரக்குச் சேதத்துக்காகக் கப்பலையே தடுத்து நிறுத்தும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. காப்பீட்டு நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இழப்பை ஈடுகட்ட எடுத்த பாலிசி என்றால், வியாபாரி என்ற காரணத்துக்காக மட்டும் கதவை மூடமுடியாது என்பது 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம்.

உங்கள் அடுத்த பெட்டி கிளம்பும் முன் மூன்று தாள்களை எடுத்து வைத்துப் படியுங்கள்: புக்கிங் படிவம், பில் ஆஃப் லேடிங் வரைவு, காப்பீட்டுப் பாலிசி. புரியாத வரி இருந்தால், பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.